சுவருக்குப் பிறகு சித்திரம்

க்ளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

உங்கள் ஊரின் பெயர் தமிழ்நாட்டில் பலருக்கும் 1978 முதல் அங்கே நடந்துவரும் தியாகராஜர் ஆராதனையால்தான் தெரியும். அதே ஊரில், ஈரி ஏரிக்கரை மைதானத்தில், குளிர்காற்றில் ஆரஞ்சுத் தொப்பியோடு உட்கார்ந்து பிரவுன்ஸ் தோற்பதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் தமிழர்களும் இருக்கிறீர்கள். வேலைக்கும் படிப்புக்குமாக வந்தவர்கள். உடன் வேலை செய்பவர்களோ பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோ இழுத்துவிட, இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, இந்த அணியின் துக்கத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டவர்கள். இந்த மடல் உங்களுக்கு. ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் நெருங்கும்போதெல்லாம் ரசிகர்களிடையே ஒரே கோரிக்கைதான் எழுகிறது: கல்லூரியிலிருந்து வரும் சிறந்த குவார்ட்டர்பேக்கை முதலில் எடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கோரிக்கை தவறு என்று சொல்லவே எழுதுகிறேன். குவார்ட்டர்பேக் தேவையா என்பதில் உங்களோடு எனக்குச் சண்டையே கிடையாது. அவர் எப்போது வர வேண்டும், எப்படிப்பட்ட வீட்டுக்குள் வர வேண்டும் என்பதில்தான் என் வழக்கு.

இந்த ஆட்டத்தோடு பழக்கமில்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீகில் 32 அணிகள். கல்லூரியில் ஆடி முடித்த வீரர்களை இவை ஆண்டுக்கொரு முறை, ஏழு சுற்றுகளில், முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன; இதுதான் டிராஃப்ட். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. கோப்பை வென்ற அணி வரிசையின் கடைசியில். நலிந்தவரைக் கைதூக்கிவிட வைத்த ஏற்பாடு இது. குவார்ட்டர்பேக் தாக்குதல் அணியின் மூளை. ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வரும். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். அவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். நூற்று நாற்பது கிலோவை ஒட்டிய உடல்காரர்கள். சென்டரைத் தவிர மற்றவர்கள் பந்தைத் தொடுவதே அரிது. புள்ளி எடுத்தவர் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது. நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஐந்து பேரையும், அவர்களுக்குப் பின்னால் நிற்கப்போகும் இளைஞரையும் பற்றித்தான்.

பந்து கைக்கு வந்த கணத்திலிருந்து அதை எறிவதற்குக் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது இரண்டரை நொடி. நன்றாகப் போனால் மூன்று. அதற்குள் அவர் பின்வாங்க வேண்டும், எதிரணியின் பின்களம் எப்படி நகர்கிறது என்று படிக்க வேண்டும், முதலில் நினைத்த ஆள் அடைபட்டிருந்தால் இரண்டாம் ஆளைத் தேட வேண்டும், அவரும் இல்லையென்றால் மூன்றாம் ஆளை. வலக்கைக்காரர் எறியத் திரும்பும்போது அவருடைய இடப்பக்கம் முதுகாகிவிடும். அந்தப் பக்கமிருந்து பாய்ந்து வருபவர் கண்ணில் படமாட்டார். அந்த முதுகைக் காப்பவர் இடது டேக்கிள். அவர் ஒரு முறை தோற்றால் ஒரு முயற்சி வீணாகும், அவ்வளவுதான். திரும்பத் திரும்பத் தோற்றால் நடப்பது வேறு. குவார்ட்டர்பேக்கின் பார்வை கீழே இறங்கிவிடுகிறது. தூரத்தில் ஓடும் தன் ஆட்களைப் பார்க்க வேண்டியவர், தன்மேல் விழ வருபவர்களைப் பார்க்கத் தொடங்குகிறார். ஆள் வராதபோதும் வருவதாக எண்ணி நகர்கிறார். கால் ஊன்றாமல் எறிகிறார். 2019 அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸ் அணி நியூ இங்கிலாந்திடம் 33-0 என்று தோற்ற இரவில், ஜெட்ஸின் இளம் குவார்ட்டர்பேக் சாம் டார்னால்ட் ஓரத்து இருக்கையில் அமர்ந்து, தனக்குப் பேய்கள் தெரிகின்றன என்றார். சட்டையில் இருந்த மைக் அதைப் பிடித்து நாடு முழுவதற்கும் ஒலிபரப்பிவிட்டது. அவருக்கு அப்போது வயது 22. முந்தைய ஆண்டு டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வானவர். பயந்தாங்கொள்ளி என்று அவரைச் சொல்வது அநியாயம். அத்தனை முறை அடி வாங்கிய கண், அடி வராத இடத்திலும் அடியைக் காணும்.

2002ல் புதிதாகப் பிறந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி டிராஃப்டின் முதல் தேர்வில் டேவிட் காரை எடுத்தது. இடது டேக்கிளாக அவர்கள் நம்பியிருந்த டோனி பொசெல்லி தோள் காயத்தால் அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த ஒரே சீசனில் கார் 76 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். இந்த லீகில் எந்தக் குவார்ட்டர்பேக்கும் ஒரு சீசனில் அவ்வளவு அடி வாங்கியதில்லை. மூன்று ஆண்டு கழித்தும் அவருக்கு 68 முறை அதே கதி. ஹூஸ்டனில் இருந்த ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 249. அவருக்குத் திறமை இருந்ததா என்ற கேள்விக்கு இன்று யாராலும் விடை சொல்ல முடியாது. அந்தத் திறமை வெளிப்படுவதற்கான மூன்று நொடியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. ஒரு வீரரைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததை அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். அவர் நல்லவரா இல்லையா என்றே தெரியாமல் ஐந்து ஆண்டுகளைக் கரைப்பதைத் திருத்தவே முடியாது.

இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய பிரவுன்ஸ் பால்டிமோருக்குப் பெயர்ந்துபோய், 1999ல் புது அணியாகத் திரும்பி வந்தபோது முதல் தேர்வில் எடுக்கப்பட்டவர் டிம் கௌச். முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 43-0 தோல்வி. அனுபவசாலியான டை டெட்மரை வைத்து ஆண்டை ஓட்டலாம் என்றிருந்த எண்ணம் அந்த ஒரே ஆட்டத்தில் கரைந்தது. இரண்டாம் வாரமே கௌச் களத்தில். அந்த சீசனில் அவர் 56 முறை வீழ்த்தப்பட்டார். அணி இரண்டு ஆட்டம் வென்று பதினான்கு தோற்றது. தோளும் கையும் சிதைந்து, ஐந்து சீசனில் அவர் கதை முடிந்தது. அவருடைய 2ஆம் எண் ஜெர்சி ஒன்று உங்கள் நகரத்தின் மையத்தில் ஒரு கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் பல ஆண்டுகள் தொங்கியது நினைவிருக்கும். கௌச் என்ற பெயருக்குக் கீழே அடுத்தவர் பெயர் ஒரு பட்டையில். அதற்குக் கீழே அடுத்தவர். அதற்குக் கீழே இன்னொருவர். முதுகு முழுவதும் பெயர்கள் நிரம்பின. பிராடி குவின், பிராண்டன் வீடன், ஜானி மான்சியேல் என்று முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். அந்தச் சட்டையைப் பார்த்த பெரும்பாலோர், இந்த ஊருக்கு நல்ல குவார்ட்டர்பேக் வாய்க்கவே மாட்டாரா என்று கேட்டார்கள். என் கேள்வி வேறு. இத்தனை பேரும் ஒரே வீட்டுக்குள் நுழைந்து ஒரே மாதிரி வெளியேறியிருக்கிறார்கள் என்றால், குறை நுழைந்தவர்களிடமா, வீட்டிலா?

வீட்டில்தான் என்பதற்குச் சான்று உங்கள் அணியின் ஏட்டிலேயே இருக்கிறது. 2018ல் முதல் தேர்வாக வந்த பேக்கர் மேஃபீல்டின் முதல் மூன்று ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாண்டு ஜோயல் பிட்டோனியோ, ஜே.சி. ட்ரெட்டர், கெவின் ஸைட்லர் என்று வரிசையின் நடுப்பகுதி கெட்டியாக இருந்தது. மேஃபீல்ட் 25 முறைதான் வீழ்ந்தார். புள்ளியாக முடிந்த எறிதல்கள், அதாவது டச்டவுன்கள், 27. அறிமுக ஆண்டில் அதுவரை யாரும் அவ்வளவு எறிந்ததில்லை. 2019 வசந்தத்தில் ஸைட்லரை நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளராக முன்பு இருந்திராத ஃப்ரெடி கிட்சன்ஸிடம் அணி போனது. நட்சத்திரமான ஓடெல் பெக்கம் வந்தார், ஊரே கொண்டாடியது. மேஃபீல்ட் 40 முறை வீழ்ந்தார். 22 டச்டவுனுக்கு 21 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பறித்துக்கொண்ட எறிதல். 2020ல் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி பயிற்சியாளரானார். வரிசைக்குப் பாடம் சொல்ல அந்த வேலையில் பழுத்தவரான பில் கலஹன் வந்தார். வலது டேக்கிளாக ஜாக் காங்க்ளினைப் பணம் கொடுத்து அழைத்தார்கள். இடது டேக்கிளுக்கு முதல் சுற்றில் ஜெட்ரிக் வில்ஸை எடுத்தார்கள். வீழ்ந்தது 26 முறை. 26 டச்டவுன், வெறும் 8 இன்டர்செப்ஷன். பதினொரு வெற்றி. 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கை அவர்கள் மண்ணிலேயே 48-37 என்று வென்றது, 1994 சீசனுக்குப் பிறகு பிரவுன்ஸ் கண்ட முதல் பிளே-ஆஃப் (கோப்பைச் சுற்று) வெற்றி. மூன்று ஆண்டும் கை ஒன்றுதான், தலை ஒன்றுதான். மாறியவர்கள் அவருக்கு முன்னால் நின்றவர்களும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களும்.

ஓர் ஊரின் கதையை வைத்து விதி வகுக்கலாமா என்று கேட்பீர்கள். மற்ற ஊர்களையும் பார்ப்போம். 2005ல் சான் பிரான்சிஸ்கோ முதல் தேர்வில் எடுத்த அலெக்ஸ் ஸ்மித்துக்கு முதல் மூன்று ஆண்டில் மூன்று தாக்குதல் பயிற்சியாளர்கள். மைக் மெக்கார்த்தி, நார்வ் டர்னர், ஜிம் ஹாஸ்ட்லர். ஒவ்வொருவரும் ஒரு புது மொழி பேசினார்கள். அறிமுக ஆண்டில் ஸ்மித் எறிந்தது 1 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன். தோற்றுப்போன தேர்வு என்று முத்திரை குத்தினார்கள். 2011ல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்து வீட்டை ஒழுங்கு செய்தபோது அதே ஸ்மித் பதின்மூன்று வெற்றி பெற்றுக் கொடுத்தார். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2016ல் முதலாவதாக எடுத்த ஜாரெட் காஃப், அந்த ஆண்டு தொடங்கிய ஏழு ஆட்டத்திலும் தோற்றார். அடுத்த ஆண்டு ஷான் மெக்வே என்ற பயிற்சியாளரும், ஆண்ட்ரூ விட்வொர்த் என்ற 35 வயது இடது டேக்கிளும் வந்தார்கள். பதினொரு வெற்றி, அதற்கடுத்த ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் பௌல்வரை. பேய் கண்ட டார்னால்ட் 2024ல் மினசோட்டாவுக்குப் பதினான்கு வெற்றி தந்தார். க்ளீவ்லேண்ட் கைவிட்ட மேஃபீல்ட் டம்பா பேயில் இரண்டு முறை பிரிவுக் கோப்பை வாங்கினார். விதை ஒன்றாக இருந்து மண் மாறியதும் பயிர் மாறினால், விதையைக் குறை சொல்லி என்ன பயன்?

இனி உங்கள் பக்கத்து வாதங்களுக்கு வருகிறேன். அவை இலேசானவை அல்ல. முதலாவது பேய்ட்டன் மானிங். 1998ல் மூன்று வெற்றி மட்டுமே கண்டிருந்த இண்டியானபோலிஸ் கோல்ட்ஸ் அவரை முதலாவதாக எடுத்தது. முதலாண்டு 28 இன்டர்செப்ஷன் எறிந்து தடுமாறினார். மறு ஆண்டு பதின்மூன்று வெற்றி. தோல்வியிலேயே எறிந்து பழகிக்கொள்ளட்டும் என்பவர்கள் காட்டும் உதாரணம் இதுதான். ஆனால் அந்த 28க்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. அந்த ஆண்டு அவர் வீழ்த்தப்பட்டது 22 முறை மட்டுமே. முந்தைய ஆண்டே முதல் சுற்றில் தாரிக் க்ளென் என்ற டேக்கிள் வந்துவிட்டார். பந்து பிடிக்க 1996லேயே மார்வின் ஹாரிசன் வந்திருந்தார். பந்தோடு ஓட மார்ஷல் ஃபால்க் இருந்தார். மானிங் செய்தவை நின்று, பார்த்து, எறிந்து செய்த தவறுகள். அவற்றிலிருந்து பாடம் கற்க முடியும். தரையில் கிடந்து கற்பதற்கு எதுவுமில்லை. 1998 முதல் முதலாவதாகத் தேர்வான குவார்ட்டர்பேக்குகளில், தன்னை எடுத்த அணிக்காகவே சூப்பர் பௌல் வென்றவர் அந்த மானிங் ஒருவர்தான். 2009ல் டெட்ராய்ட் முதலாவதாக எடுத்த மாத்யூ ஸ்டாஃபோர்ட் வென்றது வேறு ஊரில். ஈலை மானிங்கை எடுத்தது ஒரு அணி, அவர் கோப்பை வாங்கித் தந்தது இன்னோர் அணிக்கு.

அதே கோல்ட்ஸ் 2012ல் ஆண்ட்ரூ லக்கை முதலாவதாக எடுத்தபோது செய்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு ஒருவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட திறமை. இரண்டு வெற்றி பெற்ற அணியை அறிமுக ஆண்டிலேயே பதினொன்றுக்கு உயர்த்தினார். அந்த வெற்றியே ஆபத்தாகிவிட்டது. இவர் இருக்கும்வரை வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பு வந்துவிட்டது. அடிமேல் அடி. 2015ல் சிறுநீரகம் கிழிந்தது. தோளில் அறுவை சிகிச்சையாகி 2017 முழுவதும் ஆடவில்லை. 2018ல்தான் க்வென்டன் நெல்சன் என்ற கார்டை ஆறாவது தேர்வில் எடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் பிராடன் ஸ்மித். அந்த ஆண்டு லக் வீழ்ந்தது 18 முறை மட்டுமே. மீண்டெழுந்த வீரர் விருதும் வாங்கினார். சுவர் கடைசியில் எழும்பிவிட்டது. ஆனால் 2019 ஆகஸ்ட் 24 அன்று, 29 வயதில், காயம், வலி, சிகிச்சை என்ற சுழலில் இனி உழல முடியாது என்று சொல்லி அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆறு ஆண்டு தாமதமாகக் கட்டிய சுவர் அது. மகத்தான திறமையென்றால் விதிவிலக்கு கொடுக்கலாமே என்பவர்களுக்கு என் பதில் லக்தான். திறமை எவ்வளவு அரிதோ, அவ்வளவு கவனமாக அதற்கு இடம் தயார் செய்ய வேண்டும்.

இரண்டாவது வாதம் பணம். 2010ல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம். 2011ல் புதிய ஊதிய ஏற்பாடு வந்தபின் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 22 மில்லியன். புதுக் குவார்ட்டர்பேக் மலிவு. அவர் மலிவாக இருக்கும் நான்கைந்து ஆண்டுகளில் மிச்சப் பணத்தை மற்ற இடங்களில் கொட்டிக் கோப்பை வெல்லலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான், அதனாலேயே என் கட்சி வலுக்கிறது. அந்தக் கடிகாரம் அவர் கையெழுத்துப் போட்ட நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. வரிசையில்லாத அணி முதல் இரண்டு ஆண்டை அடி வாங்கியே கழிக்கும். மூன்றாம் ஆண்டில் சுவர் எழும்பும். நான்காம் ஆண்டில் அவருக்குப் பெரும்பணம் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி வந்துவிடும். மலிவான ஆண்டுகளை உண்மையில் அறுவடை செய்தவர்கள் யார்? 2016ல் பன்னிரண்டு வெற்றி பெற்ற கான்சஸ் சிட்டி, 27ஆம் இடத்திலிருந்து பத்துக்கு ஏறி 2017ல் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது. ஓராண்டு அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார வைத்து, பிறகு களமிறக்கியது. பிலடெல்பியா 2013லேயே நான்காவது தேர்வில் லேன் ஜான்சன் என்ற டேக்கிளை எடுத்து, ஆண்டுக்கணக்காக அந்த வரிசையைப் பேணி வளர்த்த பிறகு, 2020ல் இரண்டாம் சுற்றில், 53ஆவதாக ஜேலன் ஹர்ட்ஸை எடுத்தது. இன்று அவர் கையில் சூப்பர் பௌல் மோதிரம். வீட்டைக் கட்டி முடித்தவர்களுக்கு நல்ல குவார்ட்டர்பேக் கிடைக்க முதல் தேர்வு தேவைப்படவில்லை. டாம் பிரேடி 199ஆவது, லமார் ஜாக்சன் 32ஆவது. ஆனால் இவர்களை முன்கூட்டி அடையாளம் காண்பது எளிது என்று நான் சொல்லவில்லை. அதிர்ஷ்டம் கதவைத் தட்டும்போது வீடு இருக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவதாக ஜோ பர்ரோவைச் சொல்வீர்கள், பக்கத்து ஊர் சின்சினாட்டிக்காரரை. வரிசை மோசமாக இருந்தும் 2021 சீசனில் அவர் சூப்பர் பௌல்வரை போனார். அந்த ஆண்டு டிராஃப்டில் சின்சினாட்டி டேக்கிள் பெனய் ஸூவலை விட்டுவிட்டுப் பந்து பிடிப்பாளர் ஜமார் சேஸை எடுத்தது சரியென்று ஆயிற்று. இது என் வாதத்தில் உண்மையாகவே இடிக்கும் உதாரணம், மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பயணத்தின் விலையைப் பாருங்கள். அறிமுக ஆண்டு நவம்பரில் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. மறு ஆண்டு லீக் ஆட்டங்களில் 51 முறை, டென்னஸி பிளே-ஆஃபில் மட்டும் 9 முறை, சூப்பர் பௌலில் 7 முறை வீழ்ந்தார். கோப்பை மூன்று புள்ளியில் போனது. பர்ரோவைப் போன்ற ஒருவர் வாய்த்தும் கடைசிப் படியில் சறுக்கிய காரணம் அதே ஐந்து பேர் வரிசைதான். ஹூஸ்டனின் சி.ஜே. ஸ்ட்ரௌட் 2023ல் அசத்தினார்; அடுத்த ஆண்டு 52 முறை வீழ்ந்து பின்தங்கினார். வாஷிங்டனின் ஜேடன் டேனியல்ஸ் 2024ல் பன்னிரண்டு வெற்றி பெற்றார்; அது அழகான ஆண்டு, அதை நான் குறைக்க விரும்பவில்லை. புது உரிமையாளர், புது நிர்வாகம், புதுப் பயிற்சியாளர் என்று வீட்டையே மாற்றிய பின் அவர் வந்தார் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

உங்களுக்குள்ளிருந்தே வரக்கூடிய கடுமையான மறுப்பு ஒன்று உண்டு: ஜோ தாமஸ். 2007ல் மூன்றாவது தேர்வில் வந்த இடது டேக்கிள். காயத்துக்காகவோ ஓய்வுக்காகவோ விலகாமல் தொடர்ச்சியாக 10,363 முறை தன் இடத்தில் நின்றவர். 2023ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். பதினோர் ஆண்டில் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட ஆடவில்லை. உலகத்திலேயே சிறந்த டேக்கிள் இருந்தும் என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்டால் நியாயமான கேள்விதான். விடை அவருடைய முதலாண்டில் இருக்கிறது. 2007ல் அவர் மட்டும் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் எரிக் ஸ்டைன்பாக் என்ற தேர்ந்த கார்டையும் பணம் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். குவார்ட்டர்பேக் யார்? பால்டிமோர் ஆறாம் சுற்றில் எடுத்துக் கழித்துவிட்ட டெரெக் ஆண்டர்சன். அந்த ஆண்டு பத்து வெற்றி. ஆண்டர்சன் நட்சத்திர வீரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானார். தாமஸின் காலத்தில் வெற்றி தோல்வியைவிட அதிகமாக இருந்த ஒரே சீசன் அது. அதன்பின் அவருக்குப் பக்கத்தில் ஆட்கள் மாறினார்கள். அவர் காலத்தில் ஆறு தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். ஒரு தூணை மட்டும் நட்டுவிட்டு வீடு கட்டியாயிற்று என்று இருந்தது அணி. 2017 அக்டோபரில் அந்தத் தூணும் காயத்தில் சாய்ந்தது. இரண்டாம் சுற்றில் எடுத்த டிஷோன் கைஸரைப் பின்னால் நிற்க வைத்து, அந்த ஆண்டு பதினாறு ஆட்டத்தையும் தோற்றார்கள். கைஸர் 22 இன்டர்செப்ஷன் எறிந்தார். 2018 ஜனவரி 6ஆம் தேதி, உறையும் குளிரில், ஆயிரக்கணக்கானோர் மைதானத்தைச் சுற்றி வட்டமாக நடந்தார்கள். சுழியத்தின் வடிவில் ஓர் ஊர்வலம். பசித்தோருக்கு உணவு நிதியும் அன்று திரட்டினார்கள். அப்படிப்பட்ட ரசிகர்களுக்கு இதைவிட நல்ல அணி கிடைத்தாக வேண்டும்.

பதினாறும் தோற்ற இன்னோர் அணி உங்களுக்கு மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. 2008ல் டெட்ராய்ட் லயன்ஸ் அதே கதிக்கு ஆளாகி, 2009ல் முதல் தேர்வில் மாத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்தது. சிறந்த கை, அஞ்சாத நெஞ்சு. பன்னிரண்டு ஆண்டில் ஒரு பிளே-ஆஃப் வெற்றிகூட இல்லை. 2021ல் புதிய நிர்வாகம் அவரை ராம்ஸுக்கு அனுப்பிவிட்டு, ராம்ஸ் வேண்டாமென்ற காஃபையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கியது. ஸ்டாஃபோர்ட் அந்த ஆண்டே அங்கே சூப்பர் பௌல் வென்றார். டெட்ராய்ட் கையிலிருந்த ஏழாவது தேர்வில் குவார்ட்டர்பேக் எடுக்கச் சொல்லி அழுத்தம் இல்லாமலா இருந்திருக்கும்? சின்சினாட்டி விட்டுவைத்த அதே ஸூவலை எடுத்தார்கள். டெய்லர் டெக்கரும் ஃப்ராங்க் ராக்னோவும் முன்பே முதல் சுற்றுகளில் வந்திருந்தார்கள். முதலாண்டு மூன்றே வெற்றி. இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஏழில் ஒன்று. பொறுத்தார்கள். 2024 ஜனவரி 14 அன்று டெட்ராய்ட் தன் சொந்த மைதானத்தில் 24-23 என்று பிளே-ஆஃப் வென்றது, 32 ஆண்டுக்குப் பிறகு. எதிரில் நின்றவர் ஸ்டாஃபோர்ட். வென்றவர் கழித்துக்கட்டப்பட்ட காஃப்.

எடுத்துவிட்டு உட்கார வைத்தால் என்ன என்பது கடைசி வாதம். கொள்கையளவில் எனக்கும் சம்மதம். ஆனால் கடைசி இடத்து அணியால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடிவதில்லை. கௌச் ஒரு வாரம் உட்கார்ந்தார். மேஃபீல்ட் மூன்றாம் ஆட்டத்தின் பாதியில் இறங்கினார். தோற்கும் அணியின் பயிற்சியாளருக்குத் தன் வேலையைக் காக்க வேண்டும். நிர்வாகிக்குத் தன் தேர்வு சரியென்று காட்ட வேண்டும். அரங்கத்தில் ரசிகர்கள் புதுப் பையனின் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். கரோலினா பேந்தர்ஸ் 2023ல் முதல் தேர்வுக்காக சிகாகோவுக்கு இரண்டு முதல் சுற்றுத் தேர்வு, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூடவே தங்கள் சிறந்த பந்து பிடிப்பாளர் டி.ஜே. மூரையும் கொடுத்து பிரைஸ் யங்கை எடுத்தது. உள்ளதையெல்லாம் கொடுத்து வாங்கியவரை உட்கார வைக்க யாருக்கு மனம் வரும்? யங் 62 முறை வீழ்ந்தார். அணி வென்றது இரண்டே ஆட்டம். பயிற்சியாளர் பதினொன்றாம் ஆட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஒரு கார்டுக்கு 100 மில்லியன், இன்னொரு கார்டுக்கு 53 மில்லியன் என்று அடுத்த வசந்தத்தில்தான் கொடுத்தார்கள். முதலில் செய்திருக்க வேண்டிய செலவு அது. இங்கேதான் உங்களிடம் வருகிறேன். ரசிகர்களின் அவசரம் ஒரு சத்தம் மட்டுமல்ல. அது நிர்வாகத்தின் அறைக்குள் போகிறது, பயிற்சியாளரின் முடிவுக்குள் போகிறது. 2022ல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் 230 மில்லியன் டாலர் உறுதிப் பணத்தையும் கொடுத்து குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனைக் கொண்டுவந்ததும் அதே அவசரத்தின் இன்னொரு முகம். அதன் வடு இன்னும் ஆறவில்லை.

2025 ஏப்ரலில் உங்கள் நிர்வாகம் கையிலிருந்த இரண்டாவது தேர்வைக் கொடுத்துவிட்டு ஐந்துக்கு இறங்கியது; அதற்கு ஈடாக 36ஆவது தேர்வையும், அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் வாங்கியது. குவார்ட்டர்பேக்குகளை மூன்றாம் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும்தான் எடுத்தது. அதில் எனக்கு மனநிறைவு. ஆனால் அந்த முதல் தேர்வுகளில் ஒன்றும் வரிசைக்குப் போகவில்லை என்பது குறை. 2020ல் வென்ற அந்தச் சுவருக்கு அப்போதே வயதாகிவிட்டது; பிட்டோனியோ வந்தது 2014ல். அதற்குப் பின்னால் டில்லன் கேப்ரியலையும் ஷெடூர் சாண்டர்ஸையும் அறிமுக ஆண்டிலேயே இறக்கிவிட்டு, இவனா அவனா என்று தீர்ப்பு எழுதியது அவர்களுக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

ஜோ தாமஸ் தேர்வான அன்று மேடையில் இல்லை; தன் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். டேக்கிள்களின் பெயர் வாசிக்கப்படும்போது அரங்கம் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். அடுத்த டிராஃப்டில் க்ளீவ்லேண்டின் முதல் தேர்வாக அப்படியொரு பெயர் வந்தால், எழுந்து நின்று கை தட்டுங்கள். அந்த ஒலி நிர்வாகத்தின் காதில் விழட்டும்.

அன்புடன்,
உங்கள் சக ரசிகன்